முன் சீட்டுக்கு ஒரு புது என்ஜின்

இந்தத் தீபாவளிக்குள் என் மனைவியை முன் சீட்டில் உட்கார வைத்தே தீருவது என்று நான் முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் கோரிப்பாளையம் சிக்னல்.

டவுன் பஸ்ஸுக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில் என் பழைய அம்பாசடர் புகைந்துகொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. அதில் இருக்கவேண்டியதற்கு இரண்டு மடங்கு ஆட்கள். கடைசியாக ஏறி, கம்பியைப் பிடித்தபடி அரை சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தவள் என் மனைவி தாமரைச்செல்வி. என் வண்டியில் முன் சீட்டு முழுசாகக் காலி. இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தது ஒரே வீட்டுக்கு. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். பச்சை விழுந்தது. ஷேர் ஆட்டோ எனக்கு முன்னால் போய்விட்டது.

நான் கண்ணுச்சாமி. ஆனையூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். கடையில் முதலாளி. வீட்டில் யார் என்பதை நானே சொல்லவேண்டியதில்லை, போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

வண்டி, அலங்காநல்லூர் மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்தது. மகள் பேரிலேயே பதிவு செய்து கொடுத்தார். மாடு பிடித்துப் பழகிய மனிதர், மாப்பிள்ளையையும் ஒரு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார். ஆக, வண்டி அவள் பெயரில். ஓட்டுவது நான். டீசல் போடுவதும் நான்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த வண்டியில் முன் சீட்டு ஆளுக்கொன்றாக இருக்காது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே சீட்டு. கியர் கம்பியும் நடுவில் கிடையாது, ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் தடை என்று ஒரு பொருளும் இல்லாமல் செய்த வண்டி அது. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழகர்கோயில் ரோட்டில் போவோம். தெருவை விட்டுக் கிளம்பும்போது தாமரை கதவோரம் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அப்பன்திருப்பதி வருவதற்குள் என் தோளுக்கு வந்துவிடுவாள். அந்த ரோட்டில் அத்தனை வளைவு கிடையாது. நான்தான் வளைத்து வளைத்து ஓட்டுவேன்.

அந்தத் தோள்பாரத்துக்கு நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வண்டிக்கு வயசாயிற்று. எனக்கும்தான். நான் இருமுவதோடு நிறுத்திக்கொண்டேன், அது புகைய ஆரம்பித்தது. பின்னால் புகைந்தால்கூடப் பரவாயில்லை, பின்னால் வருகிறவன் பாடு. இது தரை இடுக்கு வழியாக உள்ளேயே புகைந்தது. மேலூரில் அவளுடைய சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். இறங்கி நேராக மேடைக்குப் போய்ப் பொண்ணு பக்கத்தில் நின்றுவிட்டாள். கண்ணாடி பார்க்கவில்லை. நானாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம், சாப்பாட்டுப் பந்தியைத் தேடிப் போய்விட்டேன். கல்யாண வீடியோவில் என் மனைவிக்கு ஒரு மெல்லிய மீசை இருக்கிறது. இன்றைக்கும் மேலூர்ச் சொந்தங்கள் அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"இந்தா பாருங்க. இனிமே இந்த வண்டியில உங்க பக்கத்துல வந்து உக்காரமாட்டேன். எடைக்குப் போடுங்க."

"எஞ்சினை லேசாப் பிரிச்சுப் பாத்தா..."

"ஒரு ஸ்பேனர் பட்டுச்சு, நான் அலங்காநல்லூர் போயிருவேன்."

"எதுல போவ?"

"பஸ்ஸுல."

அதன் பிறகு அவள் இடத்தில் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு ஓட்டினேன். வளைவு வந்தால் டப்பா என் பக்கம் நகர்ந்து வரும். பழைய நினைப்பில் தோளைக் கொடுப்பேன். ஒரு தடவை மூடி சரியில்லாத டப்பா வந்து சாய்ந்து, சட்டையெல்லாம் ஆகாய நீலம்.

இந்த நிலைமையில்தான் வண்டியின் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, கெடு முடிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சைலன்ஸரில் குழாயைச் செருகி மிஷினைப் பார்த்தார். மிஷினைத் தட்டினார். மறுபடி பார்த்தார்.

"இது காரா, செங்கல் சூளையா?"

"காருதாங்க சார். கொஞ்சம் வயசாச்சு."

"இந்தப் புகைக்கு எஃப்.சி. தரமுடியாது. வண்டியை உடைக்கக் குடுத்துருங்க."

"வேற வழி இல்லையா சார்? எஞ்சினை மாத்தினா?"

"மாத்தலாம். ஆனா உங்க இஷ்டத்துக்கு மாத்த முடியாது. முதல்ல அனுமதி வாங்கணும். வர்ற எஞ்சின் இப்ப இருக்கிற சட்டப்படி புகையில பாஸாகணும். அதுக்கு உண்டான சாமானெல்லாம் கூடவே இருக்கணும். எங்கேருந்து வந்த எஞ்சின்னு பில் வேணும். கடைசியில ஓனர் நேர்ல வரணும். வண்டி யார் பேர்ல இருக்கு?"

"என் சம்சாரம் பேர்ல."

"அப்ப நீங்க?"

"டிரைவர்னு வச்சுக்கங்க சார்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வார்த்தை பின்னால் வந்து என்னைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

சிக்னலில் ஷேர் ஆட்டோ என்னை முந்தியது அங்கிருந்து திரும்பும்போதுதான். வீட்டுக்குப் போகாமல் அப்படியே கோரிப்பாளையத்திலேயே வண்டியைத் திருப்பினேன். தர்காவுக்குப் பின்பக்கம் சேக் இஸ்மாயில் பாயின் ஒர்க்‌ஷாப். முன்னால் ஷெட், பின்னால் வீடு. எங்கள் வண்டியைப் புதிதிலிருந்து பார்த்தவர்.

"பாய், புகை வராத எஞ்சின் வேணும்."

"எதுக்குண்ணே? ஓட்டுறதுக்கா, எஃப்.சி.க்கா?"

"பொண்டாட்டிக்கு."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மீசை உட்பட.

நாலு நாளில் போன் வந்தது. "அண்ணே, ஒரு கார் பின்பக்கம் லாரி மோதி அப்பளமாக் கிடக்கு. முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. புதுசு. பில்லு சுத்தமா இருக்கு. பெட்ரோல் வண்டி, மூச்சு விடுறதே தெரியாது. அதோட கம்ப்யூட்டரு, சைலன்ஸர்ல புகையைச் சுத்தம் பண்ற உருளை, சாவி போடுற இடம் வரைக்கும் அம்புட்டையும் கழட்டி இதுல வைக்கணும். ஒண்ணைக் குறைச்சாலும் மிஷினு காட்டிக் குடுத்துரும்."

"வைங்க பாய்."

"ஒரே ஒரு சிக்கல்ண்ணே. கியர்பாக்ஸும் அதோடதுதான். ஸ்டியரிங்ல வராது. கியர் கம்பி தரையில இருந்துதான் எந்திரிக்கும்."

"எந்த எடத்துல?"

"நடுவுல."

"எதுக்கு நடுவுல?"

"உங்களுக்கும் அக்காவுக்கும் நடுவுலதான்."

எதற்காக இத்தனையும் செய்கிறேனோ, அந்த இடத்திலேயே ஒரு இரும்புக் கம்பி. அடுத்த நாள் நேரில் போய்க் கெஞ்சினேன்.

"பழையபடி ஸ்டியரிங்லேயே வைக்க முடியாதா பாய்?"

பாய் என்னைப் பார்க்காமல் டூல்ஸ் பெட்டியைப் பார்த்தார். "வாய்ப்பே இல்லைண்ணே. புகை இல்லாம இருக்கணுமா, ஒட்டி உக்காரணுமா? ஒண்ணைச் சொல்லுங்க."

புகை இல்லாமல் இருந்தால்தான் உட்காரவே செய்வாள். கம்பியைச் சகித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

"ஒண்ணு மட்டும் பாய். தாமரைகிட்ட மூச்சு விடக்கூடாது. தீபாவளிக்கு முந்தி வண்டியைக் கொண்டுபோய் அவ முன்னாடி நிறுத்தணும்."

"என் வாயிலேருந்து வெளியாளுக்கு ஒரு சொல்லு போகாதுண்ணே. அல்லா சாட்சி."

அப்போது பாயின் மனைவி மைதீன் பீவி டீ கொண்டுவந்து வைத்தார். "தாமரை அக்கா பிளவுஸ் தச்சு முடிச்சாச்சு. வந்து வாங்கிக்கிறச் சொல்லுங்கண்ணே," என்றார். சொல்கிறேன் என்றேன். டீ நன்றாக இருந்தது. எனக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. மனைவிக்கு பிளவுஸ் தைப்பவரின் வீட்டில் உட்கார்ந்து ரகசியம் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

அனுமதி வாங்குவதில் அடுத்த கண்டம். எல்லாம் கம்ப்யூட்டரில். ஓனர் போனுக்கு ஓ.டி.பி. வரும். ஓனரோ அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டேன்.

"தாமரை, நீ சொன்னதுதான் சரி. வண்டியை எடைக்குப் போட்டுறலாம்னு இருக்கேன். உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். சொல்லு."

வெங்காயத்தை வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். போன் சிணுங்கியது. எடுத்தாள். கண்ணாடியை மாட்டினாள்.

"யாருக்கும் ஓ.டி.பி. சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க."

"நான் யாரோவா?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

"சொல்லு தாமரை, நேரம் போச்சுன்னா செல்லாது."

"நெசமா எடைக்குத்தான போடுறீங்க?"

"நெசமா."

"என்மேல சத்தியமா?"

"வண்டி மேல சத்தியமா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயமா, வண்டியா என்று எனக்குத் தெரியவில்லை. "எங்கப்பா ஆசையா வாங்கிக் குடுத்தது," என்று மட்டும் சொல்லிவிட்டு நம்பரைச் சொன்னாள். தோள் குலுங்கியது. கொஞ்சம் பொறு தாமரை, உனக்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் குலுங்கியது அழுகையால் இல்லை என்று எனக்குத் தெரிய ஐப்பசி ஆகிவிட்டது.

வண்டி பாய் ஷெட்டில் பிரிந்து கிடந்தது. நான் டூவீலரில் கடைக்குப் போய்வந்தேன். அந்த நாட்களில் தாமரையிடம் சில மாறுதல்கள் தெரிந்தன. காலையில் கிளம்பிப் போவாள்.

"எங்க?"

"மைதீன் பீவியோட வாக்கிங்."

திரும்பி வரும்போது ஒரு பொட்டு வியர்வை இருக்காது. கிரைண்டர் முன்னால் நின்றுகொண்டு இடது காலை அழுத்தி, அப்புறம் மெல்ல, மிக மெல்லத் தூக்கினாள். "காலு என்ன?" என்றால் "மரத்துப்போச்சு" என்றாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன். அடுப்படியில் பின்னால் நகர்வதற்கு முன் தோளுக்கு மேலே திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து அதற்கும் ஒரு தைலம். தெருவில் நடந்து போகையில், "இண்டிகேட்டர் போடாமத் திரும்புறான் பாருங்க, லைசென்ஸை எப்படித்தான் குடுத்தாங்களோ," என்று யாரையோ திட்டினாள். ரோட்டின் மேல் அவளுக்குத் திடீரென்று இவ்வளவு அக்கறை வந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசி பிறந்தது. வண்டி தயார் என்று பாய் சொன்னார். இனி ஓனர் நேரில் வரவேண்டும். அதற்கும் பொய் தயாராக வைத்திருந்தேன்.

"தாமரை, வண்டியை உடைக்கிறதுக்கு முந்தி ஓனர் ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வரணுமாம்."

"வாரேன்."

"பாய் வண்டியைக் கொண்டாந்துருவாரு. நாம டூவீலர்ல..."

"நீங்க முன்னாடி போங்க. நான் ஆட்டோவுல வாரேன்."

வந்தாள். அரக்குப் பட்டு. மேலூர்க் கல்யாணத்துக்குக் கட்டிய அதே பட்டு. தலை நிறைய மல்லிகைப்பூ.

"எடைக்குப் போற வண்டிக்கு எதுக்குடி பட்டு?"

"நல்லபடியா வழியனுப்ப வேணாமா?" என்றாள்.

பாய் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு சாமானாக அனுமதியோடு ஒப்பிட்டார். சைலன்ஸரில் குழாயைச் செருகினார். மிஷினைத் தட்டினார். நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது சார்," என்றார் பாய்.

"பாஸ். போன தடவை வந்த வண்டியா இது? நம்பவே முடியல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நேரத்துக்காகத்தானே காத்திருந்தேன். தாமரை பக்கம் திரும்பினேன். கடையில் ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னேன்.

"தாமரை. வண்டி எடைக்குப் போகல. உனக்காகப் புது எஞ்சின் வச்சிருக்கேன். புகை கிடையாது. மீசை வராது. நம்ம பழையபடி அழகர்கோயில் ரோட்டுல போறோம்."

இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஓனர் யாரு?"

"நான்தாங்க," என்றாள் தாமரை.

"வண்டியை ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும்."

"இதோ சார்," என்று வலது பக்கம் ஓடினேன். உட்கார்ந்து, முப்பது வருஷமாகப் பாக்கெட்டில் இருந்த சாவியைப் போட்டேன். சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டேன். அப்போதும் நுழையவில்லை. அந்த வண்டி எந்தச் சாவிக்கும் கிளம்பும். ஒரு காலத்தில் ஸ்பூன் காம்புக்கே கிளம்பியது.

பாய் தலையைச் சொறிந்தார். "அண்ணே, புது எஞ்சினோட கம்ப்யூட்டருக்கு அதோட சாவியை மட்டும்தான் அடையாளம் தெரியும். வேற எதுக்கும் எந்திரிக்காது."

"அந்தச் சாவி எங்க பாய்?"

பாய் மறுபடி டூல்ஸ் பெட்டியைத் தேடினார். பெட்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் வானத்தைப் பார்த்தார்.

"புகை டெஸ்ட் முடிஞ்சதுமே ஓனர்ட்ட குடுத்துட்டேன்ண்ணே."

தாமரை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். பீரோ சாவி, வாசல் சாவி, நடுவில் கறுப்பாக ஒரு புதுச் சாவி.

"கொஞ்சம் இறங்குறீங்களா?"

இறங்கினேன். அவள் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். இடது காலை அழுத்தி, மெல்ல, மிக மெல்லத் தூக்கினாள். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. இரண்டு தைலப் பாட்டிலும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. ஒரு சுற்றுப் போய், தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துப் பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நிறுத்தினாள். லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அதன் போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "டிரைவர்னு சொன்னீங்களே?"

"போன மாசம் வரைக்கும் சார்," என்றேன்.

தாமரை இடது கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள். "ஏறுங்க."

"நீ என் பக்கத்துல உக்காரமாட்டேன்னு சொன்னியே."

"இப்பவும் அதான் சொல்றேன். நீங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டியவன், அந்தப் பக்கம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஆட்டு மந்தைக்கு நின்று, பஸ்ஸுக்கு வழிவிட்டு, அழகர்கோயில் ரோட்டைப் பிடித்தாள். புகை இல்லை. மல்லிகைப்பூ வாசம் மட்டும் இருந்தது. டீசல் நாற்றத்துக்கு அடியில் அந்த வாசம் எத்தனை நாள் எனக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத நாள் நீங்க பாய்கிட்ட எஞ்சின் கேட்டுட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள. மைதீன் பீவி சொல்லிட்டா."

"அப்ப அந்த ஓ.டி.பி. அன்னைக்கு அழுதது?"

"சிரிப்பை எங்க போய் அடக்குறது?"

"டிரைவிங் கத்துக்கிட்டதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எஞ்சின் மாத்துறதை நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

எங்களுக்கு நடுவில் அந்தக் கியர் கம்பி குச்சி போல நின்றது.

"எல்லாம் சரி. இந்தக் கம்பி ஒண்ணுதான் எனக்கு மனசு ஆறல. ஸ்டியரிங்ல வைக்க வாய்ப்பே இல்லைன்னுட்டாரு பாய்."

"வைக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில தரையிலதான கியரு. எனக்கு அதுதான் பழக்கம்."

நான் வெளியே பார்த்தேன். வயல் பச்சையாக இருந்தது. தாமரை ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கல்யாணமான புதுசுல இதே ரோட்டுல உங்ககிட்டக் கேட்டேன். எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்கன்னு. எங்கப்பா குடுத்த வண்டி, ஒரு தடவையாவது நான் ஓட்டிப் பாக்கணும்னு அம்புட்டு ஆசை."

"நான் என்ன சொன்னேன்?"

"அடுத்த வாரம்னீங்க."

நான் தோளுக்கு ஏங்கிய அதே சீட்டில், அதே ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் ஸ்டியரிங்குக்கு ஏங்கியிருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது என் தோளுக்கா, ஸ்டியரிங்குக்கா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது.

அப்பன்திருப்பதி நெருங்கியது. முன்னால் ஒரு வளைவும் இல்லை. ஆனாலும் வண்டி லேசாக வளைந்தது. பள்ளத்துக்கு விலக்கினாளா, வேண்டுமென்றே வளைத்தாளா, தெரியவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாக எனக்குப் பட்டது. சீட்டு வழுவழுவென்று இருந்தது. நான் கதவோரத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தேன். வண்டி இன்னொரு தடவை வளைந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். கம்பி முழங்காலில் இடித்தது. பரவாயில்லை என்று, கியர் மேல் இருந்த அவள் கையின் மேல் மெல்ல என் கையை வைத்தேன்.

"கையை எடுங்க," என்றாள். "மூணாவது கியர் போடணும்."